ஒளிப்புழுக்களுக்கு ஓர் இருட்டு மாளிகை

மனிதன் கட்டிய குகைக்குள் நட்ட நடுப்பகலில் சுடர்விடும் புழுக்கள்: டாம்போரின் மலையில் செய்யப்பட்ட ஒரு பிரயத்தனமும், அது காட்டுக்குச் சம்பாதித்துக் கொடுத்த ஓய்வும்

வெளியே நண்பகல். ஆஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து மாகாணத்துக் கோடை வெயில் திராட்சைத் தோட்டத்தின்மேல் கண் கூசும்படி அடித்துக்கொண்டிருக்க, அந்தத் தோட்டத்தின் ஓரத்தில் மலைப்பாறை போலத் தோற்றமளிக்கும் ஒரு மேட்டினுள், வழிகாட்டி முன்னே செல்ல, ஒரு சிறு கூட்டம் ஒருவர் பின் ஒருவராக நுழைகிறது. கைப்பேசிகளை அணைத்து விடுங்கள், சுவரைத் தொடாதீர்கள், குரலைத் தாழ்த்திப் பேசுங்கள் என்று வழிகாட்டி சொல்லி முடிப்பதற்குள் வெளி வெளிச்சத்தின் கடைசிக் கீற்றும் மறைந்து விடுகிறது. அதன் பிறகு சில நிமிஷங்களுக்கு ஒன்றுமே தெரிவதில்லை. பக்கத்தில் நிற்பவரின் மூச்சுச் சப்தமும், எங்கோ நீர் சொட்டும் ஓசையும், முகத்தில் படியும் குளிர்ந்த ஈரமுமே அந்த இடத்தின் இருப்பைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கண்மணி மெல்ல விரிந்து இருட்டோடு பழகியதும், கூரைச் சரிவில் நீலமும் பச்சையும் கலந்த ஒரு புள்ளி தட்டுப்படுகிறது. அதன் அருகில் மற்றொன்று. பிறகு எண்ணுவதற்கு மனம் முயன்று தோற்கும்படி நூறும் ஆயிரமுமாக. அவை இமைப்பதில்லை, அசைவதில்லை. அத்தனையும் பசித்திருக்கும் புழுக்கள். இரைக்காக விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கும் ஜீவன்கள்.

இந்தக் குகையை நீரும் காலமும் அரித்து உண்டாக்கவில்லை. பிரிஸ்பேன் நகரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டாம்போரின் மலையில், செடார் கிரீக் எஸ்டேட் என்னும் திராட்சை மதுத் தோட்டத்தார், பல்கலைக்கழகப் பூச்சியியலாரின் ஆலோசனையோடு இதைக் கட்டி 2007-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்து விட்டார்கள். அதே மலையில் கர்ட்டிஸ் அருவியின் ஓரத்தில் இந்தப் புழுக்கள் இயற்கையாகவே வாழ்கின்றன; சற்றுத் தெற்கே ஸ்பிரிங்புரூக் மலையில், அருவி ஒன்று பாறைக் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுகிற ‘இயற்கைப் பாலம்’ என்னும் குகையில், இன்னும் பெரிய கூட்டமாக வாழ்கின்றன. காட்டிலேயே காணக் கிடைக்கும் ஒன்றுக்கு இரும்பும் காங்கிரீட்டும் கொண்டு வேறொரு வீடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குரிய விடையைத் தேடிப் போனால், ஒரு புழுவின் வயிற்றுப்பாட்டில் தொடங்கி, உல்லாசப் பிரயாணம் என்கிற மாபெரும் தொழிலின் தர்மசங்கடம் வரைக்கும் போய்ச் சேருகிறோம்.

தூண்டில்காரப் புழு

நம் ஊர் வேலிகளில் மழைக்காலத்து இரவுகளில் பறக்கும் மின்மினிக்கும் இந்தப் புழுவுக்கும் உறவு இல்லை. மின்மினி வண்டினத்தைச் சேர்ந்தது. இதுவோ கொசுவைப் போன்ற மெல்லிய உடல் கொண்ட ஓர் ஈயினத்தின் இளம்பருவம். அரக்னோகாம்ப்பா என்பது சாஸ்திரப் பெயர். உலகத்தில் ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் அல்லாமல் வேறெங்கும் இந்தப் பேரினம் இல்லை. சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன், தென்கோளத்துப் பெருங்கண்டமான கோண்டுவானாவிலிருந்து நியூஸிலாந்து பிரிந்து விலகிப்போன அந்தப் பூர்வகாலத்துக்கும் முந்தியதாக இதன் வமிசத்தைக் கருதுகிறார்கள். குயீன்ஸ்லாந்தின் தென்கிழக்கு மழைக்காடுகளில் வாழ்வது அரக்னோகாம்ப்பா ஃபிளாவா. நியூஸிலாந்தில் வாழ்வது அரக்னோகாம்ப்பா லூமினோஸா. டாஸ்மேனியாவுக்கும் விக்டோரியாவுக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் தனித்தனி இனங்கள் உண்டு.

இந்தப் புழு வேட்டையாடும் விதத்தைக் கிட்டே இருந்து பார்ப்பவர்கள் அதை மறப்பதில்லை. ஈரப்பாறையின் அடிப்புறத்தில் அது தன் உமிழ்நீரால் மெல்லிய குழாய் போன்ற ஒரு தொட்டிலைப் பின்னிக்கொண்டு, அதற்குள்ளே முன்னும் பின்னுமாக நழுவியபடி வாழ்கிறது. அந்தத் தொட்டிலிலிருந்து, வாயில் சுரக்கும் பட்டிழையை ஒவ்வொன்றாகக் கீழே விட்டு, இழை நீள நீள இடைவெளி விட்டு ஒவ்வொரு பசைத்துளியாக அதில் வைத்துக்கொண்டே வருகிறது. வேலை முடிந்ததும் அந்த இழைகள் பாசிமணி கோத்த சரங்களாகப் பாறையிலிருந்து தொங்குகின்றன. வாலின் நுனியில், கழிவுகளை வெளியேற்றும் குழாய்களின் கடைக்கோடி அணுக்களே விளக்காக மாறி ஒளியைத் தருகின்றன. ஆற்றுச் சேற்றிலிருந்து எழும் சின்னஞ்சிறு பூச்சி, அந்த ஒளியைத் திறந்த வெளி என்று எண்ணி மேலே பறந்து வந்து ஓர் இழையில் ஒட்டிக்கொள்கிறது. உடனே புழு தொட்டிலிலிருந்து பாதி உடலை வெளியே தொங்கவிட்டு, அந்த இழையை வாயால் பற்றி, விழுங்கி விழுங்கி மேலே இழுத்து, இரையைக் கைக்கொள்கிறது. காற்றே அசையாத ஆழ்ந்த குகைகளில் இந்தச் சரங்கள் ஒரு முழ நீளத்துக்கும் தொங்குவதுண்டு. காற்றடிக்கும் காட்டுக் கரைகளில் அவை ஓரிரு செண்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை, ஏனெனில் நீண்டால் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு பயனற்றுப் போகும்.

இந்தப் பசைத்துளியில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்தான். சுற்றியிருக்கும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் வரையில் அது ஒட்டும். காற்று உலர்ந்தால் துளியும் உலரும், தூண்டில் வெறும் நூலாகும், புழு பட்டினி கிடக்கும். செயற்கைக் குகை கட்ட முற்படும் எவரும் முதன்முதலில் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டிய விதி இது.

பெட்டிச் செய்தி: ஒரு புழுவின் ஆயுள்

முட்டை: ஒரு தாய் ஏறத்தாழ 100 முட்டைகள் இடும், சுமார் மூன்று வாரங்களில் பொரியும்.
புழு: இரையின் அளவைப் பொறுத்துப் பல மாதங்கள், சில சமயம் ஓர் ஆண்டு வரை. ஆயுளின் பெரும்பகுதி இதுவே.
கூட்டுப்புழு: ஓரிரு வாரங்கள், ஒற்றை இழையில் தொங்கியபடி.
ஈ: சில நாட்களே. உண்பதில்லை, இணை சேர்ந்து முட்டையிட்டு மடிகிறது.
பகைவர்: வறட்சி, வெள்ளம், பூஞ்சை, நீண்ட கால்களையுடைய சிலந்தியினத்து உயிர்கள், நெருக்கமாகி விட்டால் அண்டைப் புழுவும்.

சுவர் எழுப்புவது சுலபம், காற்றை நிறுத்துவது கடினம்

இரும்புக் கம்பி வலையைப் பாறையின் நெளிவு சுளிவுகளோடு வளைத்து, அதன்மேல் காங்கிரீட் குழம்பைக் குழாய் வழியே பீச்சியடித்து, இறுகுமுன் கையால் செதுக்கி வர்ணம் பூசி, பார்ப்பவர் கண்ணுக்கு மலைக்குகை என்றே தோன்றும்படி செய்வது இக்காலத்து மிருகக்காட்சிச் சாலைகள் எல்லாவற்றிலும் பழகிப்போன வித்தை. ஆனால் மனிதக் கண்ணை ஏமாற்றுவது இங்கே பாதிக் காரியம்கூட ஆகாது. புழுவுக்குக் குகையின் அழகைப் பற்றிய அக்கறை ஒன்றும் இல்லை. தலைகீழாகத் தொங்குவதற்குச் சொரசொரப்பான, எப்போதும் நனைந்திருக்கும் ஒரு கூரை, இழைகள் சிக்காதபடி அசைவற்ற காற்று, துளி உலராத ஈரப்பதம், வெயிலின் கொதிப்பு எட்டாத குளிர்ச்சி, பறந்து வரும் ஆகாரம், கலப்பில்லாத இருட்டு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை அத்தனையும் வீண்.

ஈரமும் அசைவற்ற காற்றும் ஒன்றுக்கொன்று முரணான கோரிக்கைகள் என்பது முதல் சங்கடம். காற்று நின்று போன அறையில் ஈரம் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை புழுக்களைத் தொற்றிக் கொல்லும். காற்றை ஓடவிட்டால் ஈரம் போகும். போதாக்குறைக்கு, உள்ளே வரும் ஒவ்வொரு மனிதனும் தன் உடற்சூட்டையும் மூச்சுக்காற்றையும் கூடவே கொண்டு வருகிறான். எத்தனை பேரை, எவ்வளவு நேர இடைவெளியில், எவ்வளவு பொழுது உள்ளே நிறுத்தலாம் என்பதைப் புழுவின் சுகமே நிர்ணயிக்க வேண்டும். நுழைவுச் சீட்டின் வரும்படி நிர்ணயிக்கத் தொடங்கினால் குகை கல்லறையாகி விடும். சுவர்களில் நீர் கசிந்து வழிவதும், கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைவதும், கூட்டங்கள் சிறிதாகவே விடப்படுவதும் இந்தக் காரணங்களுக்காகத்தான்.

ஆகாரத்தின் கதை வேறு. காட்டில் நீரோடையே சமையலறை. அதன் சேற்றில் பிறக்கும் பூச்சிகளே உணவு. கட்டிய குகைக்குள் அப்படி ஓர் ஓடையைச் சிருஷ்டித்து, அது தன் பூச்சிகளைத் தானே ஈன்று தரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே அடைத்து வளர்க்கப்படும் புழுக்களுக்கு, ஆராய்ச்சிசாலைகளில் புட்டிகளில் வளர்க்கும் பழ ஈக்களைக் கொண்டு வந்து விட வேண்டியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஈக்களை வளர்ப்பதற்கென்றே ஆட்கள் வேண்டும். புழுக்களை வளர்ப்பதைக் காட்டிலும் அவற்றின் இரையை வளர்ப்பதே பெரும் பிரயாசை என்று இத்தொழிலில் இருப்பவர்கள் சொன்னால், அது மிகையாகாது.

பகலை இரவாக்கிய சூட்சுமம்

எல்லாவற்றிலும் நுட்பமானது இருட்டின் கணக்கு. காட்டில் வாழும் ஃபிளாவா இனத்துப் புழு இரவில் மட்டுமே ஒளிரும். விடிந்ததும் விளக்கை அணைத்து விடும். குகையைக் கட்டி இருபத்து நான்கு மணி நேரமும் இருட்டாக வைத்து விட்டால் எந்நேரமும் ஒளிருமே என்று தோன்றலாம். அப்படி நடப்பதில்லை. குயீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துப் பூச்சியியலார் டேவிட் மெரிட்டும் அவரைச் சேர்ந்தவர்களும் ஆராய்ந்து கண்டபடி, இந்தப் புழுவினுள் ஒரு நாழிகை வட்டில் இருக்கிறது. வெளியுலக வெளிச்சமே எட்டாத இருட்டறையில் வைத்தாலும் அது தன் பழைய நாள்வழக்கப்படியே ஒளியை ஏற்றியும் தணித்தும் வருகிறது. ஆனால் திருத்திக் கொடுப்பாரில்லாத கடிகாரம் நாளடைவில் பிசகுவது போல, சூரியனைக் காணாத புழுவின் நேரமும் நாளுக்கு நாள் விலகிக்கொண்டே போகிறது. ஆகவே பகலில் வரும் விருந்தினருக்குப் புழுக்கள் ஒளிர வேண்டுமானால், இரவு முழுவதும் குகைக்குள் விளக்கேற்றி அதையே பகல் என்று நம்பச் செய்து, வெளியே சூரியன் உதிக்கும்போது உள்ளே அந்தியை வரவழைக்க வேண்டும். பொழுதையே புரட்டிப் போடுகிற இந்தக் காரியத்தை ஒரு நாள் மறந்தாலும் ஒழுங்கு குலையும்.

டாஸ்மேனியாவின் ஆழ்ந்த குகைகளில் வாழும் இனத்தில் மெரிட் குழுவினர் கண்டது இதைவிடவும் அதிசயமானது. அங்கே சூரிய ஒளி எட்டாத இடத்தில் வாழும் புழுக்கள் எந்நேரமும் ஒளிர்ந்தாலும், அந்த ஒளி குகை முழுவதும் ஒரே காலத்தில் ஏறி, ஒரே காலத்தில் இறங்குகிறது. சூரியனைக் காணாதவை எப்படி ஒத்துப்போகின்றன? ஒன்றின் ஒளியை மற்றொன்று கண்டு தன் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது என்பதே அவர்கள் கண்ட விடை. கூட்டமாக ஒளிரும்போது இரை அதிகம் வரும். தனியே ஒளிரும் விளக்கை நாடி வருபவை குறைவு. அண்டையில் இருப்பதைத் தின்னவும் தயங்காத ஒரு பிராணி, விளக்கேற்றும் விஷயத்தில் மட்டும் ஊரோடு ஒத்து வாழ்கிறது.

இந்த ஆராய்ச்சிகளால் பார்வையாளருக்கும் ஒரு பாடம் கிடைத்திருக்கிறது. வெள்ளை விளக்கை நேரே அடித்தால் புழு தன் ஒளியைத் தணித்து விடுகிறது. மறுபடியும் பழைய பிரகாசத்துக்குத் திரும்ப நெடுநேரம் பிடிக்கும். அந்த நேரமெல்லாம் அது வேட்டையை இழந்து பட்டினி கிடக்கிற நேரம். ஒரு மனிதன் ஒரு கணம் டார்ச் அடிப்பதால் ஒன்றும் கெட்டு விடாது. இரவுதோறும் நூற்றுக்கணக்கானவர்கள் அடித்தால் கெடும்.

வைட்டோமோ தந்த எச்சரிக்கை

குகைக்குள் மனிதன் கைவைத்தால் என்ன ஆகும் என்பதை உலகம் நியூஸிலாந்திலிருந்து கற்றுக்கொண்டது. வைட்டோமோ குகையில், ஆற்றின்மேல் ஓசையின்றிப் படகில் சென்று கூரையெங்கும் ஒளிரும் புழுக்களைக் காண, ஆண்டுதோறும் பல லட்சம் யாத்திரிகர்கள் வருகிறார்கள். 1979-ஆம் ஆண்டில் அந்த ஒளி பரிதாபகரமாகக் குன்றிவிடவே, குகையைச் சில மாதங்கள் மூடும்படி ஆயிற்று. கொள்ளை நோயோ, விஷமோ என்று தேடியவர்களுக்குக் கிடைத்த விடை மிக எளியது: குகைக்கு மேலும் கீழும் வாசல்கள் உண்டு, மேல்வாசலில் காற்றைத் தடுத்து வந்த அடைப்பு நீங்கியதும், குகையே ஒரு புகைபோக்கியாகி, உலர்ந்த காற்று உள்ளே ஓடிப் புழுக்களை வாட்டி விட்டது. ஒரு கதவின் விவகாரம்! அதன் பிறகு அங்கே காற்றின் ஓட்டத்தையும் வெப்பத்தையும் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இடைவிடாமல் அளந்து, அந்த அளவுகளின்படியே கதவையும் கூட்டத்தையும் நடத்தி வருகிறார்கள்.

டாம்போரினில் கட்டியவர்களுக்கு இந்த அனுபவம் பெரும் மூலதனம் என்றே சொல்ல வேண்டும். நெடுங்காலமாகத் தானே அமைந்த ஒரு குகை, ஒரு கதவு மாறியதற்கே தள்ளாடுமானால், புதிதாக எழுப்பப்படும் குகைக்கு நாள்தோறும் காவல் வேண்டும் என்பதில் சந்தேகம் என்ன?

பெட்டிச் செய்தி: வைட்டோமோ

1887: மாவோரித் தலைவர் டானே டினோராவும் ஆங்கிலேய நில அளவையர் ஃபிரெட் மேஸும், தண்டுகளால் கட்டிய தெப்பத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குகைக்குள் சென்று ஆராய்ந்தனர்.
1889: டினோராவ் குகையைப் பார்வையாளருக்குத் திறந்தார்.
1906: நிர்வாகத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது.
1989: நிலமும் குகையும் டினோராவின் சந்ததியாரிடம் திரும்பி வந்தன.
கரியமில வாயு: பத்து லட்சத்தில் 2,400 பங்கு என்பதே எல்லை, அதற்கு மேல் போனால் சுண்ணாம்புக் கல் அரிக்கப்படும்.
குகைக்குள் புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை.

யாரும் உத்தேசிக்காத வீடு

மனிதன் குடைந்த பொந்தில் ஒளிப்புழு வாழுமா என்கிற சந்தேகத்தை, டாம்போரினுக்கு வெகுகாலம் முன்பே நியூ சவுத் வேல்ஸின் வுல்கன் பள்ளத்தாக்கு தீர்த்து வைத்திருந்தது. எண்ணெய்ப் பாறை வெட்டியெடுத்த நியூன்ஸ் என்னும் ஊருக்கு 1907-இல் மலையைக் குடைந்து ஒரு ரயில் பாதை போட்டார்கள். தொழில் நொடித்து, 1932-இல் பாதையும் கைவிடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு மனிதர்கள் போனார்கள். வளைந்து செல்வதனால் நடுவில் வெளிச்சம் எட்டாத அந்தச் சுரங்கத்துக்குள் நீர் கசிந்தது, பூச்சிகள் வந்தன, பூச்சிகளைத் தின்ன ஒளிப்புழுக்கள் குடியேறின. இந்த இனங்களைப் பற்றி ஆதியில் ஆழ்ந்து ஆராய்ந்த அயோலா ரிச்சர்ட்ஸ் என்னும் பெண் விஞ்ஞானியின் பெயரைத் தாங்கிய அரக்னோகாம்ப்பா ரிச்சர்ட்ஸே இனம் அது. நீராவி எஞ்சின் புகை கக்கிய சுரங்கம் இன்றைக்கு ஒளிப்புழுச் சுரங்கம் என்ற பெயரோடே விளங்குகிறது.

அங்கே புழுக்கள் குடியேறியதற்கு ஒரு காரணம் உண்டு: சுற்றிலும் உள்ள பள்ளத்தாக்குகளில் அதே இனம் முன்பே வாழ்ந்து வந்தது. தாய் ஈ வலுவாகப் பறக்கத் தெரியாதது; தூரதேசம் போய்க் குடியேறும் சக்தி அதற்கு இல்லை. இந்த ஒரு குணத்திலிருந்து விளைகிற பலன்கள் மிகப் பெரியவை. ஓரிடத்துக் கூட்டம் அழிந்து போனால், பக்கத்து மலையிலிருந்து வந்து அந்த இடத்தை நிரப்புவார் இல்லை. பல்லாயிரம் ஆண்டுகள் தனித்தனியே வாழ்ந்ததனால் ஒவ்வொரு பிரதேசத்துக் கூட்டமும் தனித்தன்மை பெற்றிருக்கிறது. கிளேர் பேக்கர் தலைமையில் 2010-இல் வெளிவந்த வகைப்பாட்டு ஆராய்ச்சி, ஆஸ்திரேலியாவில் மட்டும் எட்டு இனங்கள் உண்டென்று வரிசைப்படுத்தியது. ஆகவே ஒரு குகை கட்டுகிறோம் என்று சொல்லி, கிடைத்த இடத்திலிருந்து புழுக்களை வாரிக்கொண்டு வந்து போடுவது பாதகமான காரியம். டாம்போரின் குகையில் இருப்பது அந்த மலைப்பிரதேசத்துக்கே உரிய ஃபிளாவா இனம் என்பதை, அந்த முயற்சியின் முதல் யோக்கியதையாக நான் கருதுகிறேன்.

காட்டுக்குக் கிடைத்த ஓய்வு

இனி, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஸ்பிரிங்புரூக்கின் இயற்கைப் பாலம், உலகப் பாரம்பரியச் சொத்தாக மதிக்கப்படும் கோண்டுவானா மழைக்காடுகளின் ஒரு பகுதி. கடற்கரை உல்லாச நகரமான கோல்ட் கோஸ்டிலிருந்து வண்டியேறினால் இரவு உணவுக்கு முன் போய்த் திரும்பி விடலாம். அந்த அணுக்கமே அதற்கு அபாயமாயிற்று. இரவில் வருபவர்களில் பெரும்பாலோர் நல்லவர்களே. ஆயினும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு விளக்கு, ஒவ்வொருவர் தோலிலும் கொசு விரட்டும் மருந்து. பூச்சிகளை விரட்டுவதற்கென்றே செய்த மருந்து இந்தப் புழுவை மாத்திரம் விட்டு வைக்குமா? புகை பிடிப்பவர், சுவரைத் தடவிப் பார்ப்பவர், படம் எடுப்பதற்காக மின்னல் விளக்கைப் பளிச்சிடுபவர் என்று ஒவ்வொருவரும் சிறிது சிறிதாகத் தீங்கு சேர்க்கிறார்கள்.

மூடி விட்டால் என்ன என்று கேட்கலாம். மக்கள் பார்க்காத ஒன்றைக் காப்பதற்கு மக்கள் வரிப்பணம் கொடுக்க மாட்டார்கள் என்பது ஜனநாயக நாடுகளின் அனுபவம். குயீன்ஸ்லாந்தின் முதல் தேசியப் பூங்காவாக 1908-இல் விச்சஸ் அருவிக் காடு ஒதுக்கப்பட்டது இதே டாம்போரின் மலையில்தான்; மலைவாசிகள் அந்தக் காட்டை நேசித்ததனால்தான் அது நடந்தது. காணும் ஆசையைக் கொல்லக் கூடாது. அந்த ஆசை காட்டின்மேல் பாரமாக இறங்கவும் கூடாது. இவ்விரண்டுக்கும் நடுவில் கட்டிய குகை வந்து நிற்கிறது. இருட்டில் வழுக்குப் படிகளில் இறங்க முடியாத முதியவர்களும், சக்கர நாற்காலியில் வருபவர்களும், இரவு வரை கண் விழிக்க முடியாத குழந்தைகளும் அங்கே வந்து, காட்டுப் புழு ஒன்றையும் தொந்தரவு செய்யாமல், அந்த ஒளியைக் கண்டு போகிறார்கள். புழுவைப் பற்றிய ஞானம் ஒரு வழிகாட்டியின் வாயிலாக அவர்களுக்குக் கிடைக்கிறது. பிறகு காட்டுக்குப் போனாலும் விளக்கை அணைக்கத் தெரிந்தவர்களாகப் போகிறார்கள்.

மற்றொரு பயன், கட்டியபோது பலரும் முக்கியமாக நினைத்திராதது. 2019-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவைப் பிடித்த பெரும் வறட்சியும் தீயும், எரியவே எரியாது என்று எல்லோரும் நம்பியிருந்த ஈரக் காடுகளின் ஓரங்களையும் எட்டின. அவ்வாண்டு செப்டம்பரில், ஸ்பிரிங்புரூக்குக்கு அண்டையிலுள்ள லாமிங்டன் தேசியப் பூங்காவின் எல்லையில் நின்ற பின்னா புர்ரா விடுதி எரிந்து சாம்பலாயிற்று. அக்டோபரில் மூண்ட காஸ்பர்ஸ் மலைத் தீ, நியூன்ஸ் சுரங்கம் இருக்கும் வொலெமி வனத்தை வளைத்துக்கொண்டு, ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்தது. ஓடை வற்றினால் இரை இல்லை. காற்று உலர்ந்தால் பசை இல்லை. நிழல் மரம் எரிந்தால் இரண்டும் இல்லை. தானே திரும்பி வரத் தெரியாத ஒரு ஜீவராசிக்கு இத்தகைய காலத்தில், மனிதன் நீர் ஊற்றிக் காக்கும் ஒரு கூட்டம் எங்கேனும் உயிரோடிருப்பது பெரிய விஷயம். அதன் பிறப்பு வளர்ப்பு ரகசியங்களைத் தெரிந்துவைத்திருக்கும் நாலு பேர் இருப்பது அதனினும் பெரிய விஷயம்.

ஆயினும் இதில் ஓர் ஆபத்து இருப்பதை மறைக்கக் கூடாது. கட்டிய குகை வெற்றி கண்டதைப் பார்த்து, காடு போனால் என்ன, வேறொன்று கட்டிக்கொள்ளலாம் என்கிற மனோபாவம் அதிகாரிகளிடமும் வியாபாரிகளிடமும் தோன்றுமானால், நன்மைக்காகச் செய்த காரியமே தீமைக்குச் சாட்சி சொல்ல வந்துவிடும். குழாயில் நீர் ஒரு வாரம் நின்றால், ஈக்கள் வளர்ப்பவர் வேலையை விட்டுப் போனால், நுழைவுச் சீட்டு விற்காமல் நிர்வாகம் நொடித்தால், கட்டிய குகையின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து விடும். கோவிட் கொள்ளைநோய்க் காலத்தில் உலகெங்கும் உல்லாசப் பிரயாணம் நின்று போனபோது இத்தகைய இடங்கள் அனைத்தும் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகின்றன என்பது விளங்கிற்று. காடு யாருடைய வரும்படியையும் நம்பி ஒளிர்வதில்லை. ஸ்பிரிங்புரூக்கின் ஓடையில் நீர் ஓடும் வரையில் அங்கே இரை பிறக்கும், புழு வாழும்.

ஆகையால் டாம்போரினின் முயற்சியை நான் ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அந்தக் குகையின் பெருமை அதற்குள் எத்தனை ஆயிரம் புழுக்கள் ஒளிர்கின்றன என்பதைப் பொறுத்ததன்று. அதன் பொருட்டு, வெளியே காட்டில் எத்தனை இரவுகள் மனிதத் தொல்லையின்றிக் கழிந்தன என்பதைப் பொறுத்தது. பார்வையாளர் கூட்டத்தைத் தன்பால் இழுத்துக்கொண்டு, ஆராய்ச்சிக்கும் காட்டுப் பாதுகாப்புக்கும் கைகொடுக்கும் வரையில் அது ஒரு சேவை. அதை விட்டுத் தன் லாபத்தை மாத்திரம் நாடத் தொடங்கினால் அது வெறும் காட்சிசாலை. இதைப் பார்த்து வேறு தேசங்களில் வேறு ஜீவராசிகளுக்கு வீடு கட்ட எண்ணுவோரும், உள்ளூர் இனம், பூச்சியியலாரின் மேற்பார்வை, பார்வையாளர் எண்ணிக்கைக்கு ஒரு கண்டிப்பான வரம்பு என்கிற மூன்றையும் முதலிலேயே எழுதிக் கையெழுத்திட்டுக்கொண்டு அஸ்திவாரம் தோண்டுவது நலம்.

நம் வாசகர்களில் பலருக்கு இன்று பிரிஸ்பேனிலும் சிட்னியிலும் ஆக்லாந்திலும் பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் இருக்கிறார்கள். விடுமுறைக்கு அங்கே போகும்போது ஒளிப்புழு காண ஆசை எழுந்தால், முதலில் கட்டிய குகைக்கோ, முறையாக நடத்தப்படும் வைட்டோமோவுக்கோ போங்கள். காட்டுக்குத்தான் போவோம் என்றால், சிவப்புக் காகிதம் ஒட்டிய சிறு விளக்கைக் காலடியை நோக்கிப் பிடித்துச் செல்லுங்கள்; கொசு மருந்து பூசாமல் முழுக்கை உடை அணியுங்கள்; கைப்பேசியைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்; குழந்தைகளுக்கு வீட்டிலேயே சொல்லிப் பழக்கி அழைத்துச் செல்லுங்கள்; வேறொருவர் டார்ச் அடித்தால், பணிவாக, ஆனால் தயங்காமல், அணைக்கச் சொல்லுங்கள்.